இனாம் இடத்தில் எழுதிய பெயர்

அத்தியாயம் 11

கையில் கட்டோடு ஷெட் வாசலில் வந்து நின்ற டைல்ஸ்காரரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "நீங்க நல்ல மெஷின்னு எழுதியிருந்தீங்களேம்மா, அதை நம்பித்தான் வாங்கினேன்" என்று அவர் கோபமே இல்லாமல் சொன்னதுதான் கிரைண்டர் அக்காவைப் போன வாரம் முழுக்கத் தூங்கவிடவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள்.

அவள் அப்படி எழுதவே இல்லை. இரும்பும் கல்லும் அறுக்கிற அந்தக் கை கிரைண்டர் சூடேறினால் சுவிட்ச் சிக்கிக்கொள்ளும், விரலை எடுத்தாலும் சக்கரம் நிற்காது, வாங்காதீர்கள் என்றுதான் எழுதியிருந்தாள். அதே பக்கத்தில், அதே அவள் பெயருக்குக் கீழே, இப்போது அந்த மெஷினைத் தலைமேல் தூக்கிவைத்து ஆடும் ஒரு கட்டுரை இருந்தது. அடியில் "இங்கே வாங்குங்கள்" என்ற லிங்க். அந்த வழியாக யார் வாங்கினாலும் கமிஷன் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் குறி லிங்க்கின் வாலில் இருக்கும்; அங்கே அவளுடைய குறி இல்லை. தம்பியின் குறி இருந்தது.

தம்பி ஹார்டுவேர் கடை முதலாளி. அந்த கிரைண்டரைக் குடோன் நிறைய வாங்கி அடுக்கியிருப்பவன். அக்கா ரிப்பேர்க்காரி. எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள். மெஷின்களைப் பிரித்துப் பார்த்து, எது உழைக்கும், எது ஏமாற்றும் என்று அவள் போனில் பேசி அனுப்புவாள். அதை ஆரம்பத்தில் தட்டச்சு செய்து ஏற்றியவன் தம்பிதான். "உன் கை பூரா கிரீஸ்க்கா, நீ எதுக்குத் தொடறே? நான் திறந்து தரேன்" என்று இலவச வலைப்பதிவு ஒன்றைத் தன் மெயிலில் திறந்தான். அவளும் அதற்கப்புறம் கேட்கவில்லை. தட்டச்சு வேலையை மகள் எடுத்துக்கொண்ட பிறகும் கணக்கு அவன் மெயிலிலேயே கிடந்தது.

இனி, இந்த வாரத்து நாள்.

காலையில் மகள் லேப்டாப்பைக் காயில் சுற்றும் மேஜையிலேயே வைத்துத் திறந்தாள். செம்புக் கம்பித் துண்டுகளை முழங்கையால் ஒதுக்கினாள்.

"அம்மா, வலைப்பதிவுக் கம்பெனிக்கு எழுதினோமே, பதில் வந்துடுச்சு."

"என்னவாம்?"

"கணக்கு யார் மெயில்ல இருக்கோ அவங்கதான் உரிமையாளராம். உங்கள் புரிதலுக்கு நன்றியாம்."

"எழுதினது நான்டி."

"எழுதினது நீ. இடம் கம்பெனியோடது. சாவி மாமாவோடது. இதுல நீ எங்கம்மா இருக்கே?"

கிரைண்டர் அக்கா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தட்டில் போட்டாள். போட்ட சத்தத்திலேயே பதில் இருந்தது.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த கணவர், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "விட்டுத் தொலை. இன்னொண்ணு இனாமா திற. இந்த வாட்டி உன் மெயில்ல திற. அஞ்சு பைசா செலவில்லாம வேலை முடியுது. எதுக்கு வம்பு?"

"இனாமா திறந்தாலும் இதேதான்பா" என்றாள் மகள். இணையதளங்களுக்கு இடம் வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனியில் போன் எடுக்கிற வேலை அவளுக்கு. தளம் விழுந்துவிட்டது என்று ஊரார் அழுவதைக் கேட்டுக் கேட்டு அவள் குரலே தட்டையாகியிருந்தது. "மாமா இல்லேன்னா இன்னொருத்தர். நாலு பேர் சேர்ந்து புகார் பட்டனை அமுக்கினா போதும், எதிர்க் கேள்வி இல்லாம மூடிடுவாங்க. கமிஷன் லிங்க் அதிகமா இருந்தாலே சில இடத்துல தூக்கிடறாங்க. நாளைக்கே அந்தக் கம்பெனி கடையைச் சாத்தினா, எழுதினது அத்தனையும் போச்சு."

"அப்ப சொந்தமா வெச்சா?"

"இணைய முகவரி நம்ம பேர்ல வாங்கணும். இடத்துக்கு மாசா மாசம் வாடகை. வைரஸ் வந்தா நாம பார்க்கணும். காப்பி எடுத்து வெக்கலேன்னா நாமதான் நடுத்தெருவுல நிக்கணும். அதைவிட முக்கியம், முதல் கொஞ்ச மாசத்துக்கு ஈ காக்கா எட்டிப் பார்க்காது. கமிஷன் கம்பெனிக்கிட்ட புதுசா விண்ணப்பம் போடணும், அவங்க தளத்தைப் பார்த்துத்தான் குறி தருவாங்க."

"ஆள் வராத ஊர்ல கடை போடறதுக்கு வாடகை வேறயா!" என்றார் கணவர்.

கிரைண்டர் அக்கா மகளிடம் குனிந்தாள். "இது ரெண்டுல அவனை அழ வைக்க எது தோது?"

"அம்மா, நாம வியாபாரம் பேசிட்டிருக்கோம்."

"நீங்க பேசுங்க. நான் வேற பேசறேன்."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினாள். "முகவரி நேத்தே உன் பேர்ல எடுத்துட்டேன். உன் மெயில், உன் போன் நம்பர். இடமும் போட்டாச்சு. பாஸ்வேர்டு மட்டும் நீ தட்டு. நான் திரும்பிக்கறேன்."

துணியில் விரலைத் துடைத்து, ஒற்றை விரலால் அவள் தட்டி முடிக்க நேரமானது. திரையில் ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. மேலே அவள் பெயர். வருகை என்ற இடத்தில் பூஜ்யம். அவ்வளவுதான் சொந்த வீடு.

மதியம் தம்பியின் போன் வந்தது. பேசித் தீர்த்துக்கலாம், நேரில் வருகிறேன் என்றான். டைல்ஸ்காரரோடு வேலை செய்கிறவர்கள் அன்று காலை அவன் கடை வாசலில் வந்து நின்ற விஷயம் அதற்குள் ஷெட்டுக்கும் வந்துவிட்டது.

"வாடா, வா" என்றாள் அக்கா. போனை வைத்தாள். அலமாரியிலிருந்து டைல்ஸ்காரர் விட்டுப்போன அந்த கிரைண்டரை எடுத்தாள். சக்கரத்தின் காப்பு மூடியை இழுத்துப் பார்த்து, புதுச் சக்கரம் மாட்டி, ஒரு கம்பியை மேஜையில் பூட்டியிருந்த வைஸ் பிடிப்பானில் இறுக்கி அறுக்க ஆரம்பித்தாள். ஒரு துண்டு விழுந்தது. இன்னொன்று. சுவிட்ச் மக்கர் பண்ணத் தொடங்கியதும் பிளக்கை உருவி மேஜையில் வைத்தாள். மெஷின் உடம்பு கொதித்தது.

"இப்ப எதுக்கும்மா சூடேத்தறே?"

"நீ போனைக் கையில வெச்சுக்கோ. அவன் வந்ததும் படம் எடு. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே."

தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். வாசலில் கிடந்த இரும்புத் தூளை மிதிக்காமல் தாண்டித் தாண்டி வந்தான்.

"என்னடா, முதலாளி! மண்ணு ஒட்டிக்குமா?"

"உன் வாய் மட்டும் துருவே பிடிக்காதுக்கா" என்று சிரித்தான். அக்கா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சீட் கிழிந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். "புதுசா சொந்தமா தளம் வெக்கறியாமே?"

மகள் நிமிர்ந்தாள். "மாமாவுக்கு யார் சொன்னது?"

"அத்தான்தான் சொன்னார். நல்லதுக்குத்தான் சொன்னார். ஏன் வீண் செலவுன்னு."

கணவர் வாசல் பக்கம் திரும்பிப் பூட்ஸ் கயிற்றை ஆராய்ந்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கான கணக்கை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

தம்பி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். தன் மெயிலில் பழைய வலைப்பதிவுக்குள் போனான். பாஸ்வேர்டு தட்டும்போது இடது கையால் மறைத்துக்கொண்டான். திரையில் கோடு மேலே மேலே ஏறிப் போகிற படம் ஒன்று வந்தது.

"பாரு. இன்னைக்குக் காலையில மட்டும் எத்தனை பேர் படிச்சிருக்காங்க பாரு. உன் பேரைத் தேடி வர்ற கூட்டம்க்கா. புதுசுல யார் வருவா? இதை அப்படியே உன் மெயிலுக்கு மாத்தித் தரேன். குறியையும் மாத்திக்கோ."

அக்கா பார்த்தாள். பொய் சொல்வானேன், அவளுக்கு நெஞ்சு ஆடிவிட்டது. மரவேலைக்காரர்கள், பிளம்பர்கள், முதல் முதலாக ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கப் பயந்துகொண்டிருந்த பெண்கள், எல்லாரும் அந்தக் கோட்டுக்குள்தான் இருந்தார்கள். வெயிலில் மெஷின் பிரித்துப் பிரித்து ஒவ்வொருவராய்ச் சேர்த்த கூட்டம்.

"அந்தப் பொய்யை எடுத்துடுவியா?"

"இப்பவே எடுக்கறேன். ஆனா நீயும் அந்த மெஷினைப் பத்தி மூச்சு விடக் கூடாது. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். குடோன்ல இருக்கிறது தீர்ற வரைக்கும்."

"தீர்றதுக்குள்ள எத்தனை கை போகும்டா?"

"எல்லாத்துலயுமா சிக்குது? ஏதோ ஒண்ணு ரெண்டு. அந்தாளு ஒழுங்காப் பிடிச்சிருக்க மாட்டான். உனக்குத் தெரியாதா, இவனுங்க வேலை செய்யற லட்சணம்?"

இவனுங்க. அந்தச் சொல்லை அவன் எப்போது கற்றுக்கொண்டான் என்று அக்கா யோசித்தாள். கல் சுமந்த அப்பாவின் மகன்தான் இவனும். பள்ளிக்கூடத்துக்கு இவனை அனுப்ப வேண்டும் என்று காயில் சுற்றும் கடையில் வேலைக்குப் போனவள் அவள்.

"சரி" என்றாள். "நீதான் ஒழுங்காப் பிடிக்கிறவனாச்சே. இந்தா, ஒரே ஒரு கம்பி அறு. சிக்கலேன்னா நான் வாயைத் தச்சுக்கறேன். பழசையும் வாங்கிக்கறேன்."

தம்பி கிரைண்டரைப் பார்த்தான். மகளின் கையிலிருந்த போனையும் பார்த்தான். "படம் வேற எடுக்கறியா நீ?"

"மெஷின் நல்ல மெஷின்னா உங்களுக்குத்தானே மாமா விளம்பரம்?"

அது அவன் ரோஷத்தில் தைத்தது. எழுந்தான். கண்ணாடியும் கையுறையும் அக்காவே எடுத்துக் கொடுத்தாள். மெஷினைப் பிடித்ததும் சூட்டை உணர்ந்து ஒரு நொடி தயங்கினான். ஆனால் வாய் கொடுத்தாயிற்று. அக்கா பிளக்கை மாட்டி, தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் போர்டு சுவிட்சைக் காலால் தட்டினாள்.

சக்கரம் கத்தியது. பொறி பறந்தது. கம்பித் துண்டு தரையில் விழுந்து உருண்டது. தம்பி விரலை எடுத்தான்.

சக்கரம் நிற்கவில்லை.

சுவிட்சை முன்னும் பின்னும் தள்ளினான். மெஷின் அவன் கையில் முறுக்கிக்கொண்டு திமிறியது. இரண்டு கையாலும் உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்தான்.

"அக்கா! நிக்க மாட்டேங்குது! அக்கா!"

"கீழே போடாதே. போட்டா துள்ளி உன் காலுக்குத்தான் வரும்."

"ஆஃப் பண்ணுக்கா!"

அவள் கால் போர்டு சுவிட்சின் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை.

"என் பேர்ல அந்தப் பொய்யை எழுதினது யாருடா?"

"அக்கா, விளையாடாதே!"

"யாரு எழுதினது?"

"நான்தான்! நான்தான் எழுதினேன்! சிக்கும்னு தெரிஞ்சுதான் எழுதினேன்! நிறுத்துக்கா!"

அவ்வளவு போதும். கேட்க வேண்டியது கேட்டாயிற்று. ஆனால் அவள் இன்னொன்றும் கேட்டாள்.

"அந்த டைல்ஸ்காரர் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப போய்ப் பார்த்தியா?"

அவன் தலையை மட்டும் இல்லை இல்லை என்று ஆட்டினான். கணவர் "ஏய், போதும்!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். அப்போதுதான் அக்கா காலை அழுத்தினாள்.

"சக்கரம் முழுசா நிக்கட்டும். அப்புறம் கீழே வை" என்றாள். குரலில் ஒரு பிசிறும் இல்லை.

வைத்தான். கையுறையைக் கழற்ற வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தான். வாசலை அடைந்ததும் திரும்பி, "நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்றான். இந்த முறை இரும்புத் தூளை மிதித்துக்கொண்டே போனான்.

முதலில் அசைந்தவள் மகள்தான். லேப்டாப்பின் முன் குனிந்தாள்.

"அம்மா. மாமா வெளிய வராமலே போயிட்டார்."

"போயிட்டானேடி."

"ஷெட்டை விட்டுப் போயிட்டார். பிளாக்கை விட்டு வெளிய வரல. கணக்கு இன்னும் திறந்துதான் இருக்கு. பாஸ்வேர்டு மாத்த முடியாது, அவர் போனுக்குத்தான் நம்பர் போகும். ஆனா எழுதலாம். அவருக்கு ஞாபகம் வர்ற வரைக்கும் எழுதலாம்."

"முதல்ல என்ன பண்ணணும்?"

"நீ எழுதின அத்தனையும் இறக்கிக்கணும்." மகளின் விரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பட்டை மெல்ல நிறைந்தது. கிரைண்டர் அக்காவின் இத்தனை வருஷப் பேச்சு ஒரே கோப்பாக இறங்கி வந்து உட்கார்ந்தது.

"இப்ப சொல்லும்மா. இங்கேயே அவர் பொய்யை அழிச்சிட்டு, நெஜத்தை எழுதிடலாமா? கூட்டம் இங்கதான் இருக்கு."

"ஒரு மணி நேரம் இருக்குமா நான் எழுதினது?"

"அதுகூட சந்தேகம்."

"அப்ப பொய்யை அழி. அந்த இடத்துல இது நான் எழுதினதில்ல, மெஷினைத் தொடாதீங்க, நெஜம் இங்க இருக்குன்னு நம்ம முகவரியைப் போடு. எல்லாப் பக்கத்துலயும் தலையில போடு. பார்க்கிறவன் பார்த்துட்டு வரட்டும்."

மகள் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டே போனாள். பாதி தாண்டியிருக்கும். திரை ஒரு முறை மின்னி, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்டது. தம்பிக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"பூட்டிட்டார்."

"பூட்டட்டும். அவன் ஒவ்வொண்ணா பார்த்து அழிக்கிறதுக்குள்ள வர்றவங்க வந்துடுவாங்க. புதுசுல அந்த வீடியோவைப் போடு."

மகள் வீடியோவை ஓடவிட்டாள். பொறி, சத்தம், மாமாவின் முகம். முடிந்ததும் மறுபடி ஒரு இடத்துக்கு இழுத்து நிறுத்தினாள்.

"அம்மா, இதுல உன் கால் தெரியுது."

அக்கா எட்டிப் பார்த்தாள். மூலையில், போர்டின் மேல், அவளுடைய தேய்ந்த ரப்பர் செருப்பு.

"அவர் 'நான்தான்'னு ஒத்துக்கிட்ட அப்புறமும் கால் அங்கேயே இருக்கு. நீ சும்மா நிக்கறே. அந்த இடத்தை மட்டும் வெட்டிடறேன். கமிஷன் கம்பெனிக்காரன் இதைப் பார்த்தா இந்தத் தளத்துக்குக் குறியே தர மாட்டான். வாடகை கட்டிட்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்."

"வெட்டாதே."

"ஊரே உன்னையும் சேர்த்துத் திட்டும்மா."

"திட்டட்டும். அவன் பார்ப்பான்ல? எத்தனை வாட்டி போட்டுப் பார்த்தாலும் என் கால் எங்க இருந்துச்சுன்னு அவனுக்குத் தெரியணும். கை நடுங்கினது மெஷினால மட்டும் இல்லேன்னு தெரியணும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இதை எடுன்னு சொல்ல யாரும் வர முடியாதுன்னுதானே இந்த இடத்தைப் பிடிச்சோம்?"

"அது நெஜத்தை எழுதறதுக்காகத்தாம்மா பிடிச்சோம்."

"போடுடி."

போட்டாள். பிறகு அம்மா கேட்டுக்கொண்டபடி குடும்பத்தார் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலும் லிங்க்கைப் போட்டாள். சித்தப்பா, பெரியம்மா மகன், கல்யாண வீட்டில் மட்டும் பேசுகிற ஒன்றுவிட்ட உறவுகள், ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். புதுத் தளத்தில் பூஜ்யம் போய் வேறு எண் வந்திருந்தது. அக்கா அதைக்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த கிரைண்டரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் போன் தனியாக ஒரு முறை அதிர்ந்தது. தம்பி மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாலு வார்த்தைக்கு மேல் இவளிடம் பேசாதவள்.

"அண்ணி, வீடியோ பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் நீங்க காலை எடுக்காமலே இருந்திருக்கலாம். இவர் வந்ததும் வராததுமா ஆளுங்களை வெச்சு குடோன்ல இருக்கிற மெஷின் பூராவும் பழைய ஸ்டிக்கரை உரிச்சு வேற பேர் ஒட்டிட்டிருக்கார். சாயங்காலம் வண்டி வந்து வெளியூருக்கு ஏத்துது. குடோனோட பின்பக்கக் கதவைத் திறந்துதான் வெச்சிருக்கேன்."

அக்கா ஒரு முறை படித்தாள். மகளிடம் நீட்டினாள். மகள் படித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினாள்.

கணவர் படித்தார். தம்பி வந்துபோனதிலிருந்து இவர்கள் இருவர் கண்ணையும் பார்க்காமல் ஓரமாக நின்ற மனிதர், கழற்றிப் போட்ட பூட்ஸை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். ஒரு காலை நுழைத்தார். கயிற்றை இறுக்கினார்.

கிரைண்டர் அக்கா கையைத் துணியில் துடைத்தாள். மகளின் போனைக் காட்டிக் கேட்டாள்:

"இதுல சார்ஜ் இருக்கா?"